பல் விளக்க எடுத்த மீசை

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுவதால் எழுத்து நின்று நின்று போகிறது. சிரிக்கட்டும். போன ஐப்பசியில் பல் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதவளும் அவள்தான்.

அழுதது என் பேத்தியின் கடைவாய்ப் பல் ஒன்றுக்காக.

பேத்தி ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். மகளுக்கு மலைக்குக் கீழே நூல் மில்லில் வேலை. மருமகன் லாரி ஓட்டுகிறார். வடக்கே போனால் என்றைக்குத் திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் பேத்தி மலைமேல் என்னோடு இருக்கிறாள். மகள் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸேறி வருவாள். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. களி கிண்டுவது, தலை பின்னுவது எல்லாம் நான்தான். பின்னல் கொஞ்சம் கோணலாகத்தான் வரும்.

வாசலூர்பட்டி படகுத்துறைக்கு வெளியே கொய்யாவும் அன்னாசியும் வைத்து விற்கிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் பேத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். காரில் வருகிறவர்கள் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஒரு சாக்லேட்டைக் கையில் வைப்பார்கள். நான் வேண்டாங்க என்று சொல்வதற்குள் அது வாய்க்குள் போயிருக்கும். பக்கத்தில் கூடை நிறைய கொய்யா இருக்கும். அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

ஒரு நாள் குச்சிக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்தேன். ஒரு பக்கமாகவே மென்றாள்.

"ஏன் கண்ணு, அந்தப் பக்கம் மெல்லலையா?"

"அந்தப் பக்கம் குத்துது அப்புச்சி."

மகள் வந்ததும் மூன்று பேருமாக நாமக்கல்லுக்கு இறங்கினோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். விளக்கைத் திருப்பி வாய்க்குள் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"இது பால்பல் இல்லீங்க ஐயா. ஆறு வயசுல மொளைக்கிற பல்லு. இது போனா மறுபடி மொளைக்காது. சாகற வரைக்கும் இதேதான். இன்னும் பாதி ஈறுக்குள்ளதான் இருக்குது, அதுக்குள்ள சொத்தை புடிச்சிருச்சு. இப்ப அடைச்சா நிக்காது, முழுசா மேல வரட்டும். தை கழிச்சுக் கூட்டியாங்க. அதுவரைக்கும் காலைல ஒருக்கா, படுக்கப் போறப்ப ஒருக்கா, நல்லா தேய்ச்சு விளக்கோணும். குழி வேர் வரைக்கும் போயிருச்சுன்னா, புடுங்கறதத் தவிர வேற வழியில்லீங்க."

சாகிற வரைக்கும் என்று அவர் சொன்ன சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஏனென்றால் எனக்கும் இப்படி ஒரு பல் இருந்தது. அப்போது எனக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்த வயசு. மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, அண்ணனும் நானும் ஒற்றையடிப் பாதையில் பேளுக்குறிச்சி சந்தைக்கு இறங்குவோம். பொழுது விடிவதற்கு முன்னால் கிளம்பினால்தான் நல்ல இடம் கிடைக்கும். அந்த முறை எனக்குக் கடைவாயில் உயிர் போகிற வலி. மிளகை நுணுக்கிப் பல்லுக்குள் வைத்துப் பார்த்தேன், புகையிலையை அடக்கிப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. சந்தையில் புளிக்கடைகளுக்குப் பின்னால் ஒருவன் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பான். அதுவரைக்கும் பிடுங்கிய பற்களை எல்லாம் முன்னால் குவித்து வைத்திருப்பான். அதுதான் அவனுக்கு விளம்பரம். அண்ணன் என் தலையைப் பின்னாலிருந்து முழங்கால் நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டார். அவன் இடுக்கியை வாய்க்குள் விட்டு ஒரே இழுப்பாக இழுத்தான்.

வாயைக் கழுவிக்கொண்டு அடிவாரம் வரைக்கும் நடந்தோம். வலி அப்படியே இருந்தது. வலித்த பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டான். திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "அப்ப அதையும் காட்டு" என்று சொல்லி இன்னொன்றையும் எடுத்தான். மலை ஏறுகிற வழியெல்லாம் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். நான் பேசவில்லை. பேச வாய் வரவில்லை. அந்த ஓட்டை விழுந்த பிறகு மற்றப் பற்களும் ஆடி ஆடிப் போய்விட்டன. இன்றைக்குக் கீழே முன்னால் கொஞ்சம் நிற்கிறது. கறி மெல்ல முடியாது. முறுக்கு என்றால் காப்பியில் ஊறப்போட்டால்தான் உண்டு.

அதனால் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து மகள் அழுதபோது நான் சொன்னேன்: "அழுவாத சாமி. அந்தப் பல்லு போவாது. நான் உடமாட்டேன்."

சொல்லிவிட்டேன். ஆனால் பேத்தி வாயைத் திறந்தால்தானே?

பிரஷ்ஷைக் கண்டால் ஓடுவாள். பேஸ்ட் காரம் என்பாள். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில், மிளகுக்கொடி மறைவில் போய் நின்றுகொள்வாள். பிடித்து இழுத்து வந்தால் பல்லை இறுக்கிக்கொள்வாள். கொய்யாக் குச்சியை மென்று கொடுத்தேன். அடுப்புக்கரியைப் பொடித்துக் கொடுத்தேன். "நீ வேணா கரியத் தின்னு" என்று சொல்லிவிட்டாள். அதட்டினால் அழுகை. கெஞ்சினால் சிரிப்பு.

அடுத்த ஞாயிறு மகள் என் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். மில்லில் கூட வேலை செய்கிற பெண் சொன்னதாம். போனை எதிரில் சாய்த்து வைத்தால் நம் முகம் அதில் தெரியும். வாயைச் சுற்றி ஒரு வளையம் வரும். வாயை அது கண்டுபிடித்துவிட்டால் வளையம் பச்சையாகும். அப்புறம் பல்லெல்லாம் பெரிய பெரிய பாறை மாதிரி தெரியும். பாறை மேல் புழுக்கள் ஊரும். நாம் எந்தப் பக்கம் தேய்க்கிறோமோ அந்தப் பக்கத்துப் புழு வழுக்கி விழும். எழுத்து ஒன்றும் கிடையாது, எல்லாம் படம்தான். அதனால் எனக்கும் புரிந்தது.

பேத்தி அன்றைக்குத் தேய்த்த தேய்ப்பில் நுரை கழுத்து வரைக்கும் வழிந்தது. "செத்துப் போ, செத்துப் போ" என்று பிரஷ்ஷோடு கத்தினாள். கார்த்திகை பிறக்கிற வரைக்கும் எனக்கு ஒரு கவலையும் இல்லை. விடிந்ததும் அவளே போனைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

அப்புறம்தான் ராஜாப் புழு வந்தது. தலையில் கிரீடம் வைத்துக்கொண்டு கடைவாய்ப் பல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். அதைத் தள்ள ஒரு ஆளால் முடியாது. படத்தில் ஒரு குழந்தையும் ஒரு பெரியவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தேய்க்கிற மாதிரி காட்டியது.

"அப்புச்சி, நீயும் வா. ரெண்டு பேரும் சேந்துதான் தேய்க்கோணுமாம்."

மகள் எனக்கும் ஒரு பிரஷ் வாங்கி வந்தாள். வாழ்க்கையில் முதல் பிரஷ். பேத்தி பக்கத்தில் குனிந்து நின்று போனைப் பார்த்தேன். அவள் வளையம் பச்சையானது. என் வளையம் சிவப்பாக அலைந்தது. நெற்றிக்குப் போனது, காதுக்குப் போனது, திரும்பி வந்தது. பச்சையாகவே இல்லை.

"அப்புச்சி, உன் வாய் எங்க?"

"இங்கதான் கண்ணு இருக்குது."

"போனுக்குத் தெரியலையாமா. உன் மீசை மூடியிருக்குது."

என் மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல் உதட்டை மூடி, இரண்டு பக்கமும் தாடை வரைக்கும் இறங்கும். களி தின்றால் அதைத் தனியாகக் கழுவ வேண்டும். சந்தையில் என்னைத் தேடுகிறவர்கள் "மீசைக்காரர் எங்க?" என்றுதான் கேட்பார்கள். அம்மா போனபோது எடுத்தேன், அப்பா போனபோது எடுத்தேன், வீட்டுக்காரி போனபோது எடுத்தேன். மற்றபடி கத்தி பட்டதில்லை.

எண்ணெய் போட்டு முறுக்கி மேலே தூக்கிப் பார்த்தேன். தேய்க்கிற அசைவில் விழுந்துவிட்டது. பேத்தி தன் தலையிலிருந்து கிளிப்பைக் கழற்றி ஒரு பக்கம் மாட்டினாள். இன்னொரு பக்கத்துக்குப் பட்டாம்பூச்சி வைத்த கிளிப். அப்போதும் சிவப்புத்தான். ராஜாப் புழு பல்லின் மேல் உட்கார்ந்து சிரித்தது. பேத்தி பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டாள்.

"நீ வராட்டி நானும் விளக்கமாட்டேன்."

சொன்னபடி செய்தாள். அன்றைக்கு இரவும் விளக்கவில்லை, மறுநாள் காலையும் இல்லை. சோறு தின்னும்போது மறுபடியும் ஒரு பக்கமாகவே மென்றாள்.

நான் செம்மேட்டுக்குப் பஸ்ஸேறினேன்.

சலூன்காரருக்கு என்னை நெடுநாளாகத் தெரியும். மாதத்துக்கு ஒருமுறை தலையில் இருக்கிற கொஞ்சத்தை அவர்தான் ஒதுக்கிவிடுவார். "மீசைய எடுத்துரு" என்றேன். கத்தரிக்கோலை எடுத்தார். "நுனியா, ஓரமாங்க?" என்றார். "முழுசா" என்றேன். கத்தரிக்கோலை அப்படியே கீழே வைத்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு ரேடியோவை நிறுத்தினார்.

"எப்பங்க?" என்றார் மெதுவாக.

"இப்பத்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சு, எடப்பா."

அவர் கத்தியைத் தீட்டி எடுத்தார். முடித்ததும் என் தோளில் கையை வைத்து லேசாக அழுத்தினார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. என் நினைப்பெல்லாம் ராஜாப் புழு மேலேயே இருந்தது.

பஸ்ஸில் எப்போதும் என்னைக் கிண்டல் செய்கிற ஆள் எழுந்து இடம் கொடுத்தார். மீசை போனதும் வயசு தெரிகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்குள் நடந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் சாவை நடுவழியில் நிறுத்திக் கேட்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, அதன் பிறகுதான் கேட்பார்கள்.

பேத்தி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். விரலால் என் மேல் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். "இங்க மட்டும் வெள்ளையா இருக்குது அப்புச்சி" என்றாள். போனை வைத்தோம். என் வளையம் பச்சையானது. அவள் குதித்த குதியில் தண்ணீர்ச் சொம்பு உருண்டுவிட்டது.

மறுநாள் விடிந்ததும் வாசலில் தண்ணீர்த் தொட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தேய்த்துக்கொண்டிருந்தோம். ராஜாப் புழு சாய ஆரம்பித்திருந்தது. அப்போது ரோட்டு வளைவிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. பார்த்தால் பக்கத்து ஊரிலிருந்து என் பங்காளிகள். ஆண்கள் தலையில் துண்டு, பெண்கள் அவிழ்த்துவிட்ட கூந்தல். ஒருவர் கையில் மாலை.

என் வாய் நிறைய நுரை. துப்பப் போனேன்.

"துப்பாத அப்புச்சி! நிறுத்துனா ராஜா எந்திரிச்சுக்குவான்!"

நான் தேய்த்துக்கொண்டே கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தேன். பெண்கள் வந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். பெரிய பங்காளி என் முன்னால் வந்து நின்றார்.

"ஏன்டா, அண்ணன் போனதுக்கு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்ப ஆளில்லையா? அடுத்தவன் சொல்லியா நாங்க தெரிஞ்சுக்கோணும்? அங்க அவரைக் கெடத்தி வெச்சிருக்குது, உன்னையும் கூட்டிக்கிட்டுப் போலாம்னு வந்தா, நீ இங்க நின்னு பல்லு விளக்கறயே!"

ராஜாப் புழு விழுந்தது. போனில் மணியடித்தது. நான் துப்பினேன்.

"எந்த அண்ணனுங்க?"

"உனக்கு எத்தன அண்ணன்டா இருக்கறாங்க?"

அப்போதுதான் சலூன்காரர் ரேடியோவை நிறுத்தியது எனக்குப் புரிந்தது. என் அண்ணன் பேளுக்குறிச்சிப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். ஐப்பசி மழையில் இருமிக்கொண்டு படுத்திருந்தார். என் மீசை போயிருக்கிறது என்றால் அவர்தான் போயிருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் காலை பஸ் வந்து நின்றது. அண்ணன் இறங்கினார்.

அழுகை அப்படியே நின்றுபோனது. மாலை வைத்திருந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அண்ணன் ஊன்றுகோலைத் தரையில் குத்தினார்.

"நேத்து போன் பண்ணி, பெரியவரை எத்தன மணிக்கு எடுக்கறீங்கன்னு எங்கிட்டயே கேட்டவன் எவன்டா?"

அண்ணன் மாலையைப் பிடுங்கி சில்வர் ஓக் மரத்துக் கிளையில் மாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மீசைய எதுக்குடா எடுத்த?"

"பல்லு விளக்கறதுக்குங்கண்ணா."

"உனக்கு ஏதுடா பல்லு?"

அழ வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் முழுவதையும் சொன்னேன். பேத்தி போனைத் தூக்கி, விழுந்து கிடந்த ராஜாப் புழுவைக் காட்டினாள். அண்ணன் அதைப் பார்க்கவேயில்லை.

"பொம்மை பாக்கறதுக்கு எவனாச்சும் மீசைய எடுப்பானா? பொங்க நோம்பி வருது. இந்த மூஞ்சியோட நீ கோயில்ல நின்னா, பாக்கறவங்க நம்ம பங்காளி ஊடு பூரா தீட்டுன்னு நெனைப்பாங்க. இன்னையிலிருந்து வளரவுடு."

அண்ணன் சொல்லை நான் தட்டியதில்லை. நிலம் பிரித்தபோதுகூட எந்தப் பக்கம் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டவன். ஆனால் அன்றைக்கு எனக்குச் சந்தையும் சாக்கும் குவித்து வைத்த பற்களும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"வளரவுடமாட்டேனுங்கண்ணா. இந்தப் புழு நாளைக்கும் எந்திரிச்சு வரும், நான் கூட நின்னாத்தான் இவ விளக்குவா. தை கழிச்சு டாக்டரம்மா அந்தப் பல்லை அடைக்கற வரைக்கும் வளரவுடமாட்டேன். பேளுக்குறிச்சில என் தலையப் புடிச்சது நீங்கதானுங்க. நல்ல பல்லைப் புடுங்கிப் போட்டான். வழியெல்லாம் நீங்க சிரிச்சுக்கிட்டு வந்தீங்க. எனக்கு அது போனது போனதுதான். இவளுக்கும் போகோணுங்களா?"

அண்ணன் ஊன்றுகோலோடு ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். வரக்காப்பி வைத்தேன். குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிவிட்டார். பங்காளிகள் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

மார்கழி மலைமேல் எப்படி இருக்கும் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தொட்டித் தண்ணீரைத் தொட்டால் விரல் விறைக்கும். நான் ஓரமாக ஒரு சட்டியில் வெந்நீர் வைத்து, பேத்தியைக் கம்பளியோடு தூக்கி வந்து நிறுத்துவேன். அவளுக்குச் சலித்துப்போன நாளும் உண்டு. "இன்னிக்கு மட்டும் வேண்டாம் அப்புச்சி" என்பாள். "புழுவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது கண்ணு, வா" என்பேன். காற்றில் கம்பி அறுந்து கரண்டு போய், போன் இருட்டாகக் கிடந்த நாளில் இருட்டுப் போனையே எதிரில் வைத்துக்கொண்டு தேய்த்தோம். புழு எங்கே விழுகிறது என்று அவளே சொல்லிக்கொண்டாள். படகுத்துறையில் சாக்லேட்டை நீட்டுகிறவர்களிடம், "பல்லுல சொத்தைங்க, கொய்யா வாங்கிக் குடுங்க" என்று நான் முந்திக்கொண்டேன். வியாபாரமும் ஆயிற்று. மேல் உதட்டில் முள் தட்டினால் செம்மேட்டுக்கு ஓடினேன். சலூன்காரர் இப்போதெல்லாம் ரேடியோவை நிறுத்துவதில்லை.

பொங்கல் வந்தது. நான் கோயிலுக்குள் போகவில்லை. வெளியே பலாமரத்தடியில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியூரிலிருந்து வந்த சொந்தங்கள் என் முகத்தைப் பார்ப்பதும் காதில் பேசிக்கொள்வதுமாக இருந்தார்கள். மனசு கனத்தது. ஆனால் அந்த மீசையை வளர்த்திருக்கலாம் என்று ஒரு நிமிஷமும் தோன்றவில்லை.

அண்ணன் வந்தார். எப்போதும் பானைக்கு முன்னால் முதலில் நிற்கிறவர் அவர். என்னைப் பார்த்தார். கோலை ஊன்றிக்கொண்டு நேராகப் பலாமரத்தடிக்கு வந்தார். மறுபடியும் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எங்க ஊட்டுல யாரும் சாவலை. சாகோணும்னா நான்தான் சாகோணும், நானே இங்க நிக்கறேன். இவன் பேத்தியோட சேந்து பல்லு விளக்கறான். அதுக்குத்தான் மீசைய எடுத்திருக்கறான். இன்னும் கேக்கறவங்க எங்கிட்ட வந்து கேளுங்க."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினார். பானை பொங்குகிற நேரத்தில் என் காதருகே குனிந்தார்.

"அந்தப் புள்ள பல்லு இப்ப எப்படியிருக்குது?"

"மேல வந்துக்கிட்டு இருக்குதுங்கண்ணா."

"ம். உட்றாத."

தை கழிந்ததும் நாமக்கல்லுக்குப் போனோம். ஒவ்வொரு வளைவுக்கும் பேத்தி வாந்தி எடுத்தாள். எடுத்த கையோடு வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டாள். பல் மேலே வந்துவிட்ட நம்பிக்கையில் நான் கொஞ்ச நாளாகக் கத்தி வைக்காமல் விட்டிருந்தேன். மேல் உதட்டில் வெள்ளையாக முளைத்திருந்தது. டாக்டர் விளக்கைத் திருப்பினார். நான் பேத்தி வாயைப் பார்க்கவில்லை, டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கம்பியால் தட்டினார், திரும்பத் தட்டினார்.

"பல்லு முழுசா வந்துருச்சுங்க. குழி அன்னிக்குப் பாத்த மாதிரியே இருக்குது, ஆழமாகலை. இன்னிக்கே அடைச்சரலாம்."

மகள் வெளியே போய் மறுபடியும் அழுதாள். எழுதும்போது இதை விட்டுவிடப் பார்த்தாள். நான் விடவில்லை.

அடைத்து முடித்த பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இங்க பாருங்க ஐயா, இதே மாதிரி கடைவாய்ப் பல்லு, மத்த மூணு மூலைலயும் ஈறைக் கிழிச்சுக்கிட்டு வருது. இதுக மேல வர்ற வரைக்கும் இப்படியே பாத்துக்கோணும். நிறுத்திராதீங்க."

திரும்பி வருகிற வழியில் செம்மேட்டில் பஸ் மாற வேண்டும். மகளையும் பேத்தியையும் நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு சலூனுக்குள் போனேன். சலூன்காரர் என் உதட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"அடைச்சாச்சுங்களா? அப்ப இனி வளத்தலாமுங்க."

"இன்னும் மூணு இருக்குது. எடு."

அவர் துண்டை உதறி என் கழுத்தில் கட்டினார். பிறகு வாசலுக்குப் போய் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, எல்லாரும் பாத்துக்கங்க. மீசைய எடுக்கறேன். யாரும் சாவலீங்க!"

வெளியே எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். என் பேத்தி அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, ஒவ்வொருவரையும் குனியச் சொல்லி, வாயை அகலமாகத் திறந்து அந்தப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.